ஊசி முனையில் கால் பவுன் எடை

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவர் டர்ன்டேபிள் வாங்கியிருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்திருந்தார். கூடத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஷோகேஸின் நடுவில் டர்ன்டேபிள், கீழ்த்தட்டில் ஆம்ப்ளிஃபயர், இரு மூலைகளிலும் ஸ்பீக்கர்கள். அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன கர்நாடக இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டார். தம்பூரா எழுந்தது. பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

“ஏம்ப்பா, சுருதி ஆடுதே. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கலையா?”

இளவயதில் பத்து வருஷம் வீணை கற்றவர் அவர். அவர் சொன்ன பிறகு எங்களுக்கும் கேட்டது. தம்பூராவின் நாதம் ஊஞ்சல்போல மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்து ஆட்டத்துக்குப் பதினெட்டு விநாடி. நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 விநாடி எடுக்கும். ஆக, சுருதி ஆடுவது சுற்றுக்கு ஒரு முறை. குனிந்து டோன் ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கி நிற்கும் கையை, நேர் எதிரே இருந்து பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. வேறொரு தட்டைப் போட்டோம், கை அசையவில்லை, சுருதியும் நின்றது. முதல் தட்டின் துளை நடுவில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

எவ்வளவு விலகியிருக்கும்? அரை மில்லிமீட்டர் போதும். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஊசி ஓடும்போது அரை மில்லிமீட்டர் விலகல் என்பது வேகத்தில் அரை சதவீதம் கூடுதல், அரை சதவீதம் குறைவு. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 6 சதவீதம். மேலும் கீழுமாகச் சேர்த்தால் அந்த இடைவெளியில் ஆறில் ஒரு பங்குக்குத் தம்பூரா ஆடியிருக்கிறது. மிருதங்கத்திலோ வேகமான சினிமாப் பாட்டிலோ இது காதில் படாது. இழுத்து நிற்கும் ஒற்றை நாதம்தான் காட்டிக்கொடுக்கும். டர்ன்டேபிளின் வேகம் சீராக இருக்கிறதா என்று சோதிக்கத் தம்பூரா ஒலிக்கும் ஒரு தட்டைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

அந்தக் குறை தட்டுடையது, இயந்திரத்துடையது அல்ல. ஆனால் எதிரே குனிந்து பார்த்தபோது வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. டோன் ஆர்மின் முனையில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு தட்டின் மேல் அமுங்கியிருந்தது. கடையிலிருந்து வந்தவர் பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, பாட்டு வந்ததும் கிளம்பிவிட்டாராம். பாட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தவறு. அன்று சாயங்காலம் முழுவதும் நாங்கள் புதிதாக எதையும் வாங்காமல், இருந்ததை ஒழுங்காகப் பொருத்தினோம்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? முதலில் தட்டைப் பார்ப்போம். 33⅓ சுற்று எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். விளிம்பில் தொடங்கி உள்ளே வரை சுருண்டு போகும் ஒற்றைத் தடம். இருபது நிமிஷப் பக்கமென்றால் சுமார் 667 சுற்று. பிரித்து நீட்ட முடிந்தால் 400 மீட்டரைத் தாண்டும். அகலமோ ஒரு தலைமுடி அளவுதான். ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் இருபக்கமும் 45 பாகை சாய்ந்த இரண்டு சுவர்கள். மையத்தை நோக்கிய உட்சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளிச்சுவரில் வலதுக்கானது. ஒரே ஊசி இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் படித்து, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது.

இந்த வழியை 1931-இலேயே காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதி வைத்தவர் ஆலன் புளூம்லைன், இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில். அவர் அதைப் பார்க்கவில்லை. 1942-இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். ஸ்டீரியோ என்ற சொல்லை அன்றாடம் புழங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்!

பள்ளத்தின் ஓட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும் ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒரே சீராக இல்லை. விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர், உள்சுற்றில் 21. விநாடிக்குப் பத்தாயிரம் அதிர்வு கொண்ட ஒலி, விளிம்பில் 51 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அலையாகப் பதிந்திருக்கும். கடைசிச் சுற்றில் அதே ஒலி 21 மைக்ரோமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மலிவான கூம்பு ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரோமீட்டர். அத்தனை பருத்த முனை அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் நுழைய முடியாமல் மேலோடு உரசிப் போகிறது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சிறுத்த நீள்வட்ட முனை, இதில் பெரிய முன்னேற்றம் தருகிறது. பட்ஜெட்டில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் நான் முதலில் செலவிடச் சொல்வது இந்த ஊசிக்குத்தான்.

இனி எடை. என் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மின்னணுத் தராசு எப்போதும் இருக்கும். தட்டு சுழலாமல் நிற்கும்போது தராசின்மேல் ஊசியை இறக்கினால், எத்தனை கிராம் அழுத்துகிறது என்று காட்டும். நண்பர் வீட்டில் அது காட்டியது 3.4 கிராம். அந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 1.8 முதல் 2.2 வரை. இரண்டு கிராம் என்பது கால் பவுன், ஒரு சிறிய மோதிரத்தின் எடை. அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கால் பவுன் முழுவதும் இறங்குவது சில பத்துச் சதுர மைக்ரோமீட்டர் பரப்பில். சதுர சென்டிமீட்டர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அழுத்தம் டன் கணக்கில் வரும். வினைல் ஒரு கணம் வளைந்து கொடுத்து, ஊசி கடந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் ஒரு தட்டை நூற்றுக்கணக்கான முறை கேட்க முடிகிறது. எடை அளவை மீறினால் அந்தத் திரும்பல் முழுமையாக நடக்காது.

இதைப் படித்துவிட்டு எடையைக் குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பலர் செய்யும் தவறு இது. எடை போதாத ஊசி வளைவுகளில் சுவரை விட்டுத் துள்ளும். துள்ளிய வைரம் திரும்ப விழும்போது சுவரைச் செதுக்கும். அதிக எடையைவிடக் குறைந்த எடைதான் தட்டுக்கு ஆபத்து. தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் நடுவில், அல்லது ஒரு நூல் மேலே வைத்துவிட்டால் கவலையில்லை.

சரிசெய்வது சுலபம். முதலில் டர்ன்டேபிளின் நான்கு காலையும் ரசமட்டம் வைத்துச் சமமாக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டம்தான், சின்னதாக இருந்தால் போதும். பிறகு ஊசிக்கு அடி படாமல் டோன் ஆர்மை விடுவித்து, பின்னாலிருக்கும் எதிர் எடையைத் திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கை மேலும் போகாமல் கீழும் இறங்காமல் தராசுத்தண்டுபோல மிதந்து நிற்கும். அங்கே எண்வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, எடையைத் தேவையான எண்வரை முன்னே திருக வேண்டும். கடைசியில் தராசில் ஒரு முறை சரிபார்த்தால் முடிந்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. நண்பரின் டர்ன்டேபிளில் இந்தப் பூஜ்யத்தையே யாரும் பார்த்திருக்கவில்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தட்டைத் தயாரிக்கும்போது வெட்டும் கருவி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டு டோன் ஆர்மோ கீலில் மாட்டிய கதவுபோல ஓரிடத்தில் நின்று வளைவாகத் திரும்புகிறது. நேர்க்கோட்டில் வெட்டியதை வில்லாகப் போய்ப் படித்தால், பெரும்பாலான இடங்களில் ஊசி பள்ளத்துக்குக் கோணலாகத்தான் நிற்கும். ஒரு சுவரை முன்னாலும் மறுசுவரைப் பின்னாலும் தொடும். ஒலி கலங்கும்.

இதற்கு வழி கண்டது கணிதம். கையின் முன்பகுதியைச் சற்று உள்நோக்கி மடித்து, ஊசி மையத்தைத் தாண்டிச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டிருக்கும்படி வைத்தால், பக்கம் முழுவதிலும் கோண விலகலைச் சில பாகைக்குள் அடக்கிவிடலாம். பெர்சி வில்சன் 1924-இல் இதைத் தொடங்கிவைத்தார், ஸ்வீடனின் லோஃப்கிரென் 1938-இல் முழுமையாகத் தீர்த்தார், பேர்வால்ட் 1941-இல் மறுபடி எழுதினார். அவர்கள் கணக்குப்படி இரண்டே இரண்டு இடங்களில், மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும், ஊசி பள்ளத்துக்குத் துல்லியமாக நேராக நிற்கும். மற்ற இடங்களில் விலகல் மிகக் குறைவாக இருக்கும். அத்தனை ஆண்டு முன்பு பென்சிலும் காகிதமும் வைத்துப் போட்ட கணக்கு இன்றும் மாறவில்லை. அந்த இரண்டு புள்ளிகளைக் குறித்த ஓர் அட்டையைத் தட்டுக்குப் பதிலாக வைத்து, கார்ட்ரிட்ஜின் இரு திருகுகளையும் தளர்த்தி, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் கட்டங்களுக்கு இணையாக நிற்கும்வரை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். ஒரு புள்ளியில் சரியானால் மற்றதில் தவறும், மற்றதில் சரியானால் இதில் தவறும். பொறுமையாக மாறி மாறிப் பார்த்தால் அரை மணியில் இரண்டும் ஒத்துவரும். நண்பருக்கு முக்கால் மணி ஆயிற்று. பிறகு அதே தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டோம். சீற்றம் பாதிக்கு மேல் போய்விட்டது.

கை இப்படி மடிந்திருப்பதால், உராய்வு ஊசியை எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கும். அதைச் சமன்செய்ய வெளிப்பக்கமாக மெல்லிய இழுவை ஒன்று தரப்படுகிறது, ஆன்ட்டி-ஸ்கேட்டிங் என்று எழுதியிருக்கும். ஊசி எடைக்குரிய அதே எண்ணில் வைத்தால் போதும்.

கார்ட்ரிட்ஜ் மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசித்தண்டு ஒரு சுருள்வில், டோன் ஆர்ம் அதில் தொங்கும் பாரம். பாரமும் வில்லும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டின் மேடுபள்ளம் கையைக் குதிக்க வைக்கும். மேலே போனால் இசையின் அடிநாதத்தில் கலந்துவிடும். கனமான கைக்கு விறைப்பான கார்ட்ரிட்ஜ், இலகுவான கைக்கு நெகிழ்வானது என்று நினைவில் வைத்தால் பெரிய தவறு நேராது. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜைப் பொருந்தாத கையில் மாட்டி ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

சரி, எதை வாங்குவது? அமெரிக்காவில் 2022-இல் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன, சி.டி.க்கள் 3 கோடியே 30 லட்சம். தட்டு திரும்பி வந்துவிட்டதால் டர்ன்டேபிளும் கடைகளில் குவிகிறது. அவற்றில் சூட்கேஸ் வடிவில், ஸ்பீக்கரோடு சேர்த்து வரும் மலிவான வகையை வாங்க வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். 4 முதல் 6 கிராம் வரை அழுத்தும், மாற்ற வழி இருக்காது. ஸ்பீக்கர் அதே பெட்டியில் இருப்பதால் அதன் அதிர்வு நேராக ஊசிக்கே திரும்பும். எதிர் எடையைத் திருக முடிகிற, ஊசியைத் தனியாக மாற்ற முடிகிற ஒன்றை வாங்குங்கள். இந்த இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு.

பெல்ட்டா, டைரக்ட் டிரைவா என்ற விவாதத்தில் நான் நேரம் செலவிடுவதில்லை. இரண்டிலும் சிறந்தவை உண்டு. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200, மோட்டாரின் மேலேயே தட்டைச் சுழலவிட்டது. பல ஆண்டுகள் டி.ஜே.க்களின் கையில் அடிபட்டும் இன்றும் வேகம் மாறாமல் ஓடுபவை இருக்கின்றன. பெல்ட் வகை எளியது, அமைதியானது. ஆனால் நம் ஊர் வெயிலில் ரப்பர் பெல்ட் சில ஆண்டுகளில் தளரும், அல்லது பிசுபிசுக்கும். பழையது வாங்கினால் பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், ஹெர்ட்ஸை அது தொடாது. ஏ.சி. மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுழல்வதால், அந்த டர்ன்டேபிள் இங்கே 33⅓-க்குப் பதிலாக 27.8 சுற்றுதான் சுழலும். பாட்டு மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கி, பாடகி குரல் ஆண்குரல்போலக் கேட்கும். 50 ஹெர்ட்ஸுக்கான பித்தளைப் பெல்ட் சக்கரம் கிடைத்தால் மாற்றலாம். டி.சி. மோட்டார் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சொற்பம். காந்தம் அசையும் எம்.எம். வகையில் சுமார் 5 மில்லிவோல்ட், சுருள் அசையும் எம்.சி. வகையில் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இதை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல மெலிந்த, கட்டைக்குரலே இல்லாத ஒலி வரும். “பழைய தட்டுன்னா இப்படித்தான் சார் இருக்கும்” என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். தட்டின்மேல் பழி போடக்கூடாது. கீழ் ஒலிகளை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துச் சுற்றை இடித்துவிடும். அதனால் தட்டு வெட்டும்போதே அவற்றைக் குறைத்து, மேல் ஒலிகளை உயர்த்திப் பதிகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதல். கேட்கும்போது அதே அளவை நேர்மாறாகச் செய்தால் எல்லாம் சமமாகிவிடும், கூடவே தட்டின் இரைச்சலும் அடங்கும். இதற்கான பொது அளவை 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்கச் சங்கம் வகுத்தது. இந்த மாற்றத்தைச் செய்து, ஒலியை நூறு மடங்கு பெருக்கியும் கொடுப்பதுதான் ஃபோனோ பிரீ-ஆம்ப். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை இருந்தால் அது உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தனிப்பெட்டியாக வாங்கலாம். உம்மென்று ஒரு ரீங்காரம் வந்தால், டர்ன்டேபிளின் பின்னாலிருக்கும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நண்பர் வீட்டில் மிச்சமிருந்தது கூடம். நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டினேன். ஓசை டைல்ஸிலும் சுவரிலும் கூரையிலும் பட்டுக் கணகணவென்று தொங்கியது.

இப்படி ஓசை தொங்கும் அறைக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மெத்தை கூடக் கூட ஓசை விரைவில் அடங்கியது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை மீட்டர் கணக்கில் 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் கிடைக்கும்.

நம் ஊரின் சாதாரண 12-க்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம், உயரம் 10 அடி. கன அளவு 34 கன மீட்டர். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் டைல்ஸும் விழும் ஓசையில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் விழுங்கும். வெற்று அறையில் ஓசை அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். அதே அறையில் இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில், ஒரு சுவர் நிறையப் புத்தகம், கனமான திரைச்சீலை என்று வந்துவிட்டால் அரை விநாடிக்கு இறங்கிவிடும். மூன்று விநாடி தொங்கும் கூடத்தில், தனியாவர்த்தனத்தின் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லின் மேலேயே விழும். அங்கே எந்த விலைக்கு வாங்கிய ஸ்பீக்கரும் தோற்கும். தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தால் மேல் ஒலிகள் கொஞ்சம் அடங்கும். மெல்லியது என்பதால் கீழ் ஒலிகளை அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பஞ்சின் கனம்தான் வேண்டும்.

பக்கத்து அறையிலிருந்து மெத்தை ஒன்றை எடுத்துவந்து பின்சுவரில் சாய்த்தோம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தோம். மூலையில் வைத்தால் இரு சுவரும் தரையும் சேர்ந்து கீழ் ஒலியை ஊதிப் பெருக்கும். முதலில் கம்பீரமாகத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி உறுமுவது தெரியும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் அவற்றிலிருந்து நாற்காலிக்கு உள்ள தூரமும் சமமாக, மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி வைத்தோம். பாடகர் நடுவிலும், வயலின் ஒரு பக்கமும், மிருதங்கம் மறுபக்கமும் எழுந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மூலையில் அவர்கள் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் அமர்ந்திருந்தார்கள்.

டர்ன்டேபிளையும் ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டோம். கூடத்துச் சுவரில் புதைத்த கடப்பாக்கல் அலமாரி ஒன்று இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பாத்திரமும் படங்களும் வைத்த அதே கல். தரையில் நடக்கும் அதிர்வும் ஸ்பீக்கரின் அதிர்வும் அதை எளிதில் எட்டாது. டர்ன்டேபிளுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் வேறில்லை.

வாட்ஸ் பற்றியும் ஒயர் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. என்று எழுதிய பெட்டிகள் ஒரு காலத்தில் நம் வீடுகளை நிறைத்தன. அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை, ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். சக்தியை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றச் சக்தி பத்து மடங்காக வேண்டும். கூடத்தில் நிதானமாகப் பாட்டுக் கேட்கப் பெரும்பாலும் ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ். ஸ்பீக்கருக்கு எலக்ட்ரீஷியன் போடும் 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரே போதும். ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அதன் தடை ஏறத்தாழ 0.12 ஓம்தான். மீட்டருக்கு ஆயிரங்கள் கொடுக்கும் ஒயர்ப் பணத்தில் ஒரு நல்ல ஊசியும் பத்துத் தட்டும் வாங்கிவிடலாம்.

தட்டுகளைத் துடைப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. வினைல் எல்.பி.க்குக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, தேவைப்பட்டால் சிறிது ஐசோப்ரோபைல் ஆல்கஹால், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கில் துடைப்பு. ஆனால் தாத்தா காலத்து 78 சுற்று கறுப்புத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்து போகும். 1948-இல் கொலம்பியா வினைல் எல்.பி.யைக் கொண்டுவரும்வரை உலகம் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் அரக்கில்தான். அவற்றின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அதன் அடியில் கிடந்து குப்பையைத்தான் படிக்கும். அதற்கென்று நான்கு மடங்கு பருத்த தனி ஊசி உண்டு. அதேபோல, சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யைப் போட்டுப் பார்க்காதீர்கள். எஃகு ஊசியும் அந்தக் கனமான தலையும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் தட்டை உழுதுவிடும்.

இருட்டும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. துளை விலகிய தட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைப் போட்டோம். அம்மா வந்து நாற்காலியில் அமர்ந்தார், முதல் பக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. “இப்போ தம்பூரா நிக்குது” என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப் போன தட்டுகளும் ஒரு பழைய டர்ன்டேபிளும் இருக்கலாம். ஆசையில் உடனே தட்டைப் போட்டு ஊசியை இறக்கிவிடாதீர்கள். வைர ஊசியின் ஆயுள் 500 முதல் 1,000 மணி நேரம். அது எத்தனை மணி ஓடியது என்று தெரியாவிட்டால் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த வைரத்தின் ஓரம் கத்திபோல இருக்கும். அது ஒரு முறை சீவியெடுத்த ஒலியை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புது ஊசி வாங்கி, எடையைச் சரிபார்க்கும்வரை அந்தத் தட்டுகள் உறைக்குள்ளேயே இருக்கட்டும். வெயில் படாத இடத்தில், படுக்கப் போடாமல், நிமிர்த்தி அடுக்கி வையுங்கள்.